கூட்டிச் சொன்ன பதினோரு அடி

ஓர் உண்மைக்கு வெள்ளைக்கரடு அணையில் விலை பதினோரு அடித் தண்ணீர். பரிமளம் அதைக் கொடுத்துத்தான் வாங்கினாள். கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் அவள் வாங்கிய சரக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பெயர் பரிமளம், தொழில் மீன். இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரிக்காத ஆள் பரிசல்துறையில் கிடையாது. சிரித்தவன் கூடையில் அன்றைக்கு ஒரு மீன் குறையும். பிடிக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று ஏலம் கூவுகிறவள் அவள். அணையில் வலை போடும் நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. அதிகாரியிடம் ஒன்றுக்கு மூன்றாகக் கேட்கிற வாய் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அவளிடம் மணி என்ன என்று கேட்டால்கூடக் கால் மணி கூட்டிச் சொல்லிவிட்டு, கேட்டவன் குறைத்துக் கேட்பதற்காகக் காத்திருப்பாள் என்று சொல்வார்கள்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. கூவின விலையைக் கேட்டதும் வாங்குகிறவன் "நெசமாத்தானா?" என்று மூன்று தரம் கேட்பான். கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி அல்ல. விலையை அமுக்குகிற கை. முதல் தரத்துக்கே இறங்குகிறவள் பச்சைப்பிள்ளை. இரண்டாவதுக்கு இறங்குகிறவளுக்கு வீட்டில் அவசரம். மூன்றாவதுக்கும் அசையாமல் நின்றால் அந்த விலைக்குத்தான் சரக்கு போகும். பரிமளம் மூன்றாவதுக்கு அசைந்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்டவளிடம் போய்த்தான் மணியகாரர், "மீன்கள் உயிரோடிருக்க அணையில் குறைந்தது எத்தனை அடி தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டார்.

மணியகாரர் மனிதர் அல்ல. மதகுகளைத் திறக்கவும் அடைக்கவும் அரசாங்கம் அமர்த்திய யந்திர மூளை. அதன் முறையான பெயர் இரண்டு வரி நீளம் என்பதால் ஊர் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. கையில் மதகு இருப்பதால் மரியாதையும் கொடுத்தது. துறையில் ஒரு கம்பத்திலும், எல்லார் போனிலும் அவர் குரல் வரும். ஒவ்வொரு சித்திரையிலும் விவசாயிகள், டவுன் குடிநீர்க்காரர்கள், மின்சாரக்காரர்கள், மீன்காரர்கள் என்று நான்கு தரப்பிடமும் அவரவர் தேவையைக் கேட்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லமாட்டார்.

நாற்பது அடி போதும் என்று பரிமளத்துக்குத் தெரியும். மருமகளாக இந்தக் கரைக்கு வந்த வருசம் அணை நாற்பதுக்கு இறங்கியது. தாய்மீன்கள் அத்தனையும் அணையின் நடுப்பள்ளமான ஆனைமடுவில் கூடி நின்று பிழைத்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். ஆனால் நாற்பது என்று கேட்டால் முப்பது கிடைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அம்பத்தொண்ணு" என்றாள். ஐம்பது என்றால் குத்துமதிப்பாகத் தெரியும். ஐம்பத்தொன்று என்றால் அளந்து வைத்ததுபோல் இருக்கும்.

"பதிவு செய்துகொண்டேன். நன்றி" என்றார் மணியகாரர்.

அவ்வளவுதான். 'நெசமாத்தானா' ஒரு தரம்கூட வரவில்லை. பரிமளம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்ன விலைக்கு வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போகிறவனைப்போலச் சந்தேகத்துக்குரிய ஆள் உலகத்தில் உண்டா? 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டாள். அடுத்தடுத்த சித்திரைகளிலும் அதே ஐம்பத்தொன்றைச் சொன்னாள். அதே நன்றி வந்தது. நல்ல மழை வருசங்கள் என்பதால் அந்த எண்ணுக்கு வேலை வரவில்லை.

பிறகு இரண்டு வருசம் மழை பொய்த்தது.

வெள்ளைக்கரடு அணை இரண்டு கையை விரித்துப் படுத்திருக்கிற ஆள் மாதிரி. வடக்குக் கை காட்டிலிருந்து இறங்கும் ஆறு. மேற்குக் கை பாறைகள் நிறைந்த சிற்றாறு. இரண்டும் சேரும் மார்புக்குழியில் பழைய ஆற்றின் பள்ளம். அதுதான் ஆனைமடு. நிறைந்தால் நூற்றைந்து அடி நிற்கும் அணை, அந்தக் கோடையில் அறுபதுக்கு வந்தது, ஐம்பத்தைந்துக்கு வந்தது. துறையிலிருந்த பெரிய பலகையில் எண்கள் நாளுக்கு நாள் இறங்கின. ஐம்பத்தொன்று வந்த அன்று மணியகாரர் மதகுகளை அடைத்தார். டவுனுக்குப் போகும் குடிநீர்க் குழாய் மட்டும் நூல்போல் ஓடியது. கால்வாய் ஒரே வாரத்தில் காய்ந்து வெடித்தது.

அந்த வாரக் கடைசியில் சம்பந்தி நாச்சிமுத்து வந்து இறங்கினார். கூடவே பரிமளத்தின் மகள் சிந்துஜா. அணைக்குக் கீழே பத்து மைல் தள்ளி வாழை வைத்திருக்கும் குடும்பம் அது. காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் ஒரு வருசம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, பேரன் பிறந்தபின் மீனும் வாழைக்காயும் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

"ஏனுங் சம்மந்தி, உங்க மீனுக்கு நீச்சல்குளம் கேக்குதுங்களா?" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

"வாங்க, உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?"

"மோரு குடிக்கற நெலமையில இல்லீங். வாழை பூராவும் குலை தள்ளி நிக்குது. இன்னம் ரெண்டு தண்ணி பாஞ்சாத்தான் காய் தேறும். மணியகாரரு அம்பத்தொண்ணுல பூட்டுப் போட்டுட்டாரு. யாரு சொன்ன கணக்குன்னு கேட்டா, சொல்லக் கூடாதுங்கறாரு. அணையில நீந்தறது உங்க சாதி சனந்தானுங்களே, அதான் கேக்கறேன்."

"எனக்கென்னங்க தெரியும்? டவுன்காரன் சொல்லியிருப்பான். அவன் கக்கூசுக்கே ஆறு ஓடணும்பான்."

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு நம்மளுதுதானுங். முன்னெல்லாம் எஞ்சினியரு நாம எது கேட்டாலும் பாதியா வெட்டுவான். அதனால நாம ரெட்டிப்பாக் கேட்டோம். அவன் கால்வாசியா வெட்டுனான். அப்பறம் கோர்ட்டுக்குப் போயி, பாடுபடறவன் சொல்லைச் சந்தேகப்படறதே அவமானம்னு தீர்ப்பு வாங்கினோம். இப்ப மணியகாரரு யாரு என்ன சொன்னாலும் அப்படியே நம்போணும், அதான் சட்டம். அவனவன் வாய்க்கு வந்தபடி கூட்டிச் சொல்லிப்போட்டு உக்காந்திருக்கறான்."

"நீங்க எவ்வளவுங்க கூட்டிச் சொன்னீங்க?"

நாச்சிமுத்துவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "அந்த மோரு இருக்குதுங்களா?" என்றார்.

மோர் எடுக்க உள்ளே போன பரிமளத்தின் பின்னாலேயே சிந்துஜா வந்தாள்.

"அம்மா, அது நீ சொன்ன நம்பர்தானே?"

"என்ன நம்பரு?"

"அம்பத்தொண்ணு. அம்பதுன்னா கடைக்காரன் கணக்கு, அம்பத்தொண்ணுன்னா உங்கணக்கு. ஒரு ரூவா மிட்டாய்க்கே நீ அப்படித்தான சொல்லுவே." மகளின் குரல் இறங்கியது. "எங்க ஊட்டுக்காரரு நாலு வருசமா அந்த மண்ணுல கெடக்கறாரு. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நெலத்தை விட்டுட்டு டவுனுக்குப் போயிரலாங்கறாரு. எனக்குப் போக இஷ்டமில்லைம்மா. வெளையாட்டுக்குச் சொன்னதுன்னாப் போயி மாத்திச் சொல்லு."

"வெளையாட்டுக்கு நான் எதையும் சொல்லமாட்டேன்" என்றாள் பரிமளம். அது மட்டும் உண்மை.

மாற்றிச் சொல்வது லேசான காரியம் இல்லை. ஒருமுறை குறைத்துவிட்டால் அடுத்த சித்திரை வரைக்கும் ஏற்ற முடியாது, அதுவும் சட்டம். நூறு குடும்பத்துச் சோற்றை ஒரு மகளின் வாழைக்காக இறக்கிவைத்தாள் என்று நாளைக்குத் துறை பேசும். அவள் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை.

மறுநாள் ஏலம் முடிந்ததும் முனியப்பன் என்கிற வலைக்காரனிடம் போகிறபோக்கில் ஒரு வார்த்தை கேட்டாள். "எங்கடா போட்ட வலைய? ஆரால் மீனு நல்லா விழுந்திருக்குது."

"கூகைக்கல்லுக்குப் பக்கத்துலீங்கக்கா."

"கல்லு எத்தன ஒசரம் வெளிய நிக்குது?"

முனியப்பன் தலையைச் சொறிந்தான். "கல்லு இன்னம் வெளிய வர்லீங்கக்கா."

பரிமளத்தின் காது நிமிர்ந்தது. மேற்குக் கையிலிருக்கும் கூகைக்கல், அணை ஐம்பத்து நான்கு அடிக்கு இறங்கினால் தலை காட்டும். இது கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பலகையோ ஐம்பத்தொன்று என்கிறது. கல் மூன்றடி வெளியே நிற்க வேண்டும்.

"பரிசலை எடு" என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கல்லைக் காணோம். முனியப்பன் துடுப்பை நேராக உள்ளே விட்டான். ஓரடியில் 'ணங்' என்றது. துடுப்பை எடுத்து ஈரத்தைப் பார்த்தாள் பரிமளம். அணையில் இருப்பது ஐம்பத்தைந்து அடி. பலகையில் நான்கு அடியைக் காணோம்.

"எப்ப இருந்துடா இப்படி?"

"போன வருசத்துல இருந்துங்கக்கா. எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்குந் தெரியும், எனக்குத் தெரியாதா? ஏண்டா சொல்லல?"

"தண்ணி சாஸ்தியா இருக்கறது நமக்கு நல்லதுதானுங்களே. உங்ககிட்டச் சொன்னா…" அவன் துடுப்பைப் பார்த்துக்கொண்டே முடித்தான். "நீங்க அதையும் யாவாரம் பண்ணிப்போடுவீங்களாமா."

அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு பரிமளம் போனை எடுத்தாள்.

"ஏனுங் மணியகாரரே, அணையில எத்தன அடிங்க தண்ணி?"

"பலகையில் ஐம்பத்தொன்று."

"பலகையக் கேக்கல. தண்ணியக் கேக்கறேன். கூகைக்கல்லு மேல உக்காந்துதான் பேசறேன்."

 

"ஐம்பத்தைந்து" என்றார் மணியகாரர். "நான்கு அடி குறைத்துக் காட்டுகிறேன்."

"அடப்பாவி! எதுக்கு?"

"நான்கு தரப்பும் சொன்ன தேவையைக் கூட்டினால் இந்த அணையைப்போல் இரண்டு அணை வேண்டும். எல்லோரும் கூட்டிச் சொல்கிறீர்கள் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் எவருடைய தேவையையும் சந்தேகிக்க எனக்கு அனுமதி இல்லை. தேவையைக் குறைக்க முடியாது. இருப்பைக் குறைத்துக் காட்டலாம். அதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. மழை இன்னும் தள்ளிப்போனால் டவுனுக்குக் குடிக்க அந்த நான்கு அடிதான் இருக்கும்."

"இந்தப் பதுக்கற வேலைய யாருகிட்டக் கத்துக்கிட்ட?"

"உங்களிடம். மீன்பிடிப்பைக் கணக்கிடத் துறையின் ஏலத்தைத் தினமும் கேட்கிறேன். வரத்து குறைவான நாளிலும் நீங்கள் இரண்டு கூடையை ஈரச்சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, 'இருக்கறது இவ்வளவுதான்' என்று கூவுகிறீர்கள். கடைசி ஆள் வெறுங்கையோடு திரும்பும்போது அந்தக் கூடைகள் வெளியே வருகின்றன. யாரும் பட்டினி கிடப்பதில்லை. நல்ல முறை என்று தோன்றியது."

முனியப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் பரிசலை ஆட்டினான். பரிமளத்துக்கும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இத்தனை வருசம் சாமியா பூதமா என்று தெரியாமல் பயந்த ஆள், கடைசியில் வியாபாரி. வியாபாரியோடு பேசத் தெரியாதா அவளுக்கு?

"சரி, அந்த நாலு அடியக் கால்வாய்ல விட்டுடு. நானும் வாயத் தெறக்கல."

"விட்டால் பலகையை மாற்ற வேண்டும். பலகை மாறினால் நான்கு தரப்பும் அதற்கும் வந்து நிற்பார்கள். ஆனால் ஒரு தரப்பு தன் தேவையைத் தானாகக் குறைத்தால், அந்த அளவுக்குத் தண்ணீரை உடனே விடலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை."

'பாத்தியா, அமுக்கறான்' என்று நினைத்துக்கொண்டாள் பரிமளம். ஆனால் அமுக்குகிற கையிலேயே ஒரு லாபம் ஒட்டிக்கொண்டிருப்பதையும் அவள் பார்த்துவிட்டாள். நாற்பது என்று மாற்றிச் சொன்னால், பலகையில் நாற்பது வரும்வரை தண்ணீர் கீழே போகும். வாழை பிழைக்கும். பலகையில் நாற்பது என்றால் அணையில் நாற்பத்து நான்கு. மீனுக்கு வேண்டிய நாற்பதுக்கு மேலே நான்கு அடி கையிருப்பு, அதுவும் மணியகாரரின் செலவில். கொடுக்கிற கை நிறைந்து திரும்பி வருகிற பேரம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"எழுதிக்குங்க" என்றாள். "மீனுக்கு நாப்பது அடி போதும்."

"உறுதியாகவா?" என்றார் மணியகாரர்.

பரிமளத்தின் உதட்டோரம் சுழித்தது. ஒன்று.

"நாப்பதுதான்."

"உறுதியாகவா?"

இரண்டு. இன்னும் கீழே இழுக்கப் பார்க்கிறார். முப்பத்தைந்துக்கு அடி போடுகிறார்.

"கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நாப்பது."

 "உறுதியாகவா?"

மூன்று. முனியப்பன் துடுப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். துறையிலிருக்கிற அத்தனை பேரும் அவள் எப்படி நிற்பாள் என்று ஏலத்தில் பார்க்கிற பார்வை அது. பரிமளம் பரிசலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உறுதி."

"பதிவு செய்துகொண்டேன்" என்றார் மணியகாரர். நன்றி சொல்லவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் மதகு திறந்தது. கால்வாய் ஓரத்து ஊர்களில் பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் ஓடின. சிந்துஜா போனில் வாழைத்தோப்பையே காட்டினாள். பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது, மருமகன் சேற்றில் நின்று கையை ஆட்டினான். "நீ நல்லவதாம்மா" என்றாள் மகள். "அத வெளிய சொல்லிப்போடாத, யாவாரம் கெட்டுரும்" என்றாள் பரிமளம்.

பலகை நாற்பத்தெட்டு காட்டியது, நாற்பத்தைந்து காட்டியது. அவள் கவலைப்படவில்லை. நான்கு அடி கையிருப்பு மனதுக்குள் தலையணைபோல் இருந்தது.

நாற்பத்து மூன்று காட்டிய அன்று முனியப்பன் ஓடி வந்தான். "அக்கா, ஆனைமடுவுக்கு வாங்க. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துட்டு நிக்குது."

ஆனைமடுவில் வலை போடக் கூடாது, துடுப்பும் ஊன்றக் கூடாது. தாய்மீன்களின் இடம் என்று சங்கத்தில் பரிமளம் போட்ட கட்டுப்பாடு. பரிசல்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பல வருசம் ஆகிவிட்டது. இன்றைக்கு அவளே பரிசலை நடுமடுவுக்கு விடச் சொன்னாள். தூக்கினால் இரண்டு பேர் பிடிக்கவேண்டிய கட்லாக்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்து, சூடான தண்ணீரின் மேல்தோலை வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தன. சில மல்லாந்துவிட்டன. சினையால் வயிறு உப்பியவை.

"துடுப்ப உள்ள வுடு."

"மடுவுலீங்களா?"

"வுடுடா!"

துடுப்பு போயிற்று. முழங்கை முங்குவதற்கு முன்பே எதிலோ பொதக்கென்று இறங்கியது. இழுத்தபோது நுனியெல்லாம் கருஞ்சேறு. இரண்டு பனை ஆழம் என்று பெயரெடுத்த மடு அது. பரிமளம் அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். காட்டில் பெய்த அத்தனை மழையும், தான் வந்த கூலிக்கு, ஒவ்வொரு கை மண்ணை இங்கே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. வலை போட்டிருந்தால் வலை சொல்லியிருக்கும். வலை போடக் கூடாது என்றது யார்?

போனை எடுத்தாள். "மதக அடைங்க. இப்பவே அடைங்க. மீனு சாவுது."

"நீங்கள் குறைத்த தேவையை அடுத்த சித்திரை வரை உயர்த்த முடியாது. நாற்பதில் தானாக அடைபடும்."

"மடுவு தூந்து கெடக்குது! உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். வருடா வருடம் அளக்கிறேன். மடுவின் தரை ஒன்பது அடி உயர்ந்திருக்கிறது. மீன்களுக்கு இப்போது நாற்பத்தொன்பது அடி வேண்டும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஒருவர் தன் தேவையைச் சொன்னபின், அது தவறு என்று காட்டும் எதையும் நானாகச் சொல்லக் கூடாது. அது சந்தேகம். உறுதியா என்று கேட்க மட்டும் அனுமதி உண்டு, அதுவும் மூன்று முறை. நான்காவது முறை கேட்டால் அதுவும் சந்தேகமாகிவிடும். மூன்று முறையும் கேட்டேன்."

 "அம்பத்தொண்ணு சொன்னப்ப ஒருக்காக்கூடக் கேக்கலையே?"

"அப்போது கேட்கத் தேவை இருக்கவில்லை. நீங்கள் கூட்டிச் சொன்னது இரண்டு அடிதான். அதை முன்ஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டேன்."

வாழ்நாளில் தான் சொன்ன மிகப் பெரிய பொய் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு அடிக்குமேல் தேறவில்லை. சொன்ன ஒரே உண்மைதான் மடு நிறைய வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

ஒரு வழி பாக்கி இருந்தது. தண்ணீர் போதும் என்று ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கால்வாய்ப் பாசன விவசாயிகள், சொல்லிவிட்டால் மதகு அடைபடும். சம்பந்தியைக் கூப்பிட்டாள்.

"போதும்னு சொல்லச் சொல்லுங்க எல்லாத்தையும். மீனு செத்துக்கிட்டிருக்குது. உங்க வாழைக்குப் பாஞ்சிருச்சில்லீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். "பாஞ்சிருச்சுங். ஆனா கடைமடைக்காரனுக்கு இன்னம் எட்டலீங்களே… சம்மந்தி, வித்தியாசமா நெனைக்காதீங்க. இதுலயும் ஏதாச்சும் பேரம் இருக்குதுங்களா?"

"சத்தியமாச் சொல்றேங்க!"

"நீங்க சத்தியம் பண்ணித்தானுங் எனக்கு அன்னைக்குக் கெண்டையக் கட்லான்னு வித்தீங்க" என்றார் அவர், கோபமில்லாமல். "நான் நம்பறனுங். எங்க விவசாயச் சங்கத்துல மத்தவிய நம்போணுமே."

அவர்கள் நம்பவில்லை. கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, மீன்காரி தண்ணீரைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் பரிமளமும் அப்படித்தான் முடிவு செய்திருப்பாள்.

துறையிலிருந்த அத்தனை பரிசல்களும் மடுவுக்கு வந்தன. ஈரச்சாக்கில் சுற்றி, தொட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு தாய்மீன்களை வடக்குக் கையின் நிழல் விழும் ஆழத்துக்கு ஏற்றிப் போனார்கள். பத்தில் ஒன்று போய்ச் சேர்ந்தது. பலகை நாற்பது காட்டி மதகு அடைபட்டபோது ஆனைமடுவின் மேல் காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. கரையில் குவித்த மீனை வாங்க டவுனிலிருந்து வண்டிகள் வந்து நின்றன. செத்த மீனுக்கும் ஒரு விலை உண்டு. கூவச் சொல்லி எல்லாரும் பரிமளத்தைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. குழி வெட்டினார்கள்.

மழை ஆடி கடைசியில் வந்தது. அதுவரை டவுன் குடித்தது அந்த மறைத்துவைத்த நான்கு அடியைத்தான். மணியகாரர் அதையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாழைக்குலைகள் நல்ல விலைக்குப் போயின; சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு தார் வந்தது. அதைச் சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. துறையில் ஏலம் பத்து நிமிசத்தில் முடிந்தது. முனியப்பன் உட்படப் பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போனார்கள்.

சித்திரை வந்தது. சிந்துஜா மகனோடு வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலையில் மணியகாரர் கூப்பிட்டார்.

"இந்த ஆண்டு மீன்களுக்குத் தேவை எத்தனை அடி?"

"மொதல்ல நீ அளந்தத சொல்லு" என்றாள் பரிமளம்.

"நீங்கள் இன்னும் எண் சொல்லவில்லை. கேட்டால் சொல்லத் தடையில்லை. நாற்பத்தொன்பது."

சிந்துஜா அம்மாவின் கையைத் தொட்டாள். "அவரு சொல்றதையே சொல்லிரும்மா. அதுக்கு மேல ஏத்துனா அடுத்த பஞ்சத்துல எங்களுக்குச் சொட்டுத் தண்ணி வராது. இந்த வருசம் நாங்க பாதி நெலத்துல சோளந்தான் போட்டிருக்கறோம்."

பரிமளம் மகளைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பலகையில் அறுபத்திரண்டு இருந்தது. அணையில் எத்தனை இருக்கிறது என்று கடவுளுக்கும் மணியகாரருக்கும்தான் தெரியும். அளந்தேன் என்கிறார். அளந்தபோது தன் பங்குக்கு எதையாவது ஒதுக்கிக்கொண்டாரா, போன வருசத்து மண்ணைச் சேர்த்தாரா விட்டாரா, யார் துடுப்பு ஊன்றிப் பார்த்தது? ஒருமுறை பதுக்கினவர். நல்லதுக்குத்தான் பதுக்கினார். அது வேறு விசயம்.

"எழுதிக்க" என்றாள், விரலை மடக்கிக்கொண்டே. "மீனுக்கு நாப்பது. மண்ணுக்கு ஒம்பது. உன்ன நம்பாததுக்கு நாலு. ஆக மொத்தம் அம்பத்துமூணு. போன வருசம் நாப்பத்தொம்பதுக்குப் பதிலா நாப்பத்து நாலுல வுட்டதுல, செத்த மீனு பேருல அஞ்சு அடி நிலுவை நிக்குது; அத யாரு பேருல கடனா எழுதறதுன்னு எனக்குத் தெரியல."